அக்கா எடுத்துக் கொடுத்த வசனம்

என் அக்காவுக்கு நாடகக் குழுவில் வேலை. நடிகை என்று நினைத்துவிட வேண்டாம். மேடை ஓரத்தில், கறுப்புப் படுதாவுக்குப் பின்னால், முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். நடிகர்கள் வசனத்தை மறந்தால் அடிக்குரலில் எடுத்துக் கொடுப்பாள். பிராம்ப்டர் என்பார்கள். இத்தனை வருஷமாகப் பிறத்தியார் பேச வேண்டியதையே கிசுகிசுத்து, அவளுடைய சொந்தக் குரலும் அடங்கிப்போயிருந்தது. போனில் பேசினாலும், பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரிதான் பேசுவாள்.

"எல்லா இடத்துலயும் எடுத்துக் கொடுக்கக் கூடாது," என்று ஒரு தடவை சொன்னாள். ஒரு ஆள் தனியாக நின்று, மனசில் இருப்பதை வாய்விட்டுப் பேசுகிற காட்சியில் நடிகர் நிறுத்தினால், அது மறதி இல்லையாம். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்து, அந்த ஆள் யோசிக்கிறானாம். பழி வாங்கப் போகிறேன் என்று ஆரம்பிப்பவன், பாதிப் பேச்சில் தன் பயத்தைத் தானே கேட்டுவிட்டு வேறு ஆளாகிவிடுவானாம். அந்த நேரத்தில் அடுத்த வரியைக் கொடுத்தால் எல்லாம் கெட்டதாம். நீ வீட்டில் பாத்திரங்களோடு பேசுகிறாயே, அதுவும் நாடகம்தானா என்று நான் கிண்டல் செய்தேன். சிரிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

தெம்பு எங்கிருந்து வரும்? அத்தான் இறந்த பிறகு, படுக்கையில் விழுந்த அப்பாவை அவள் வீட்டிலேயே விட்டுவிட்டோம். கொஞ்ச நாளைக்கு என்றுதான் பேச்சு. அது நாலு வருஷமாகிவிட்டது. அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, ஊட்டிவிட்டு, பக்கத்து வீட்டம்மாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஒத்திகைக்கு ஓடுவாள். இடுப்பு விட்டுப்போயிற்று. அண்ணனுக்கு வேலை, எனக்குப் பிள்ளைகள். சாக்குக்கு எங்களிடம் பஞ்சமே இல்லை.

போன வாரம் அந்தப் பக்கத்து வீட்டம்மா வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டாள். அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தான். அக்கா வேலையை விட்டுவிட வேண்டும் என்பது அவன் முடிவு. அதைச் சொல்ல அவனுக்கே கூச்சம். "அப்பாவுக்கு இடம் மாறினா ஒத்துக்காது. அதனால நீ..." என்று இழுத்து, மென்று முழுங்கினான்.

யாராவது பாதியில் நின்றால் அக்காவுக்குப் பொறுக்காது. பழக்கதோஷம். "வேலையை விட்டுடு," என்று அடிக்குரலில் எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

"அதேதான். நீயே சொல்லிட்ட பாரு," என்றான் அண்ணன். அவனுக்கு உயிர் வந்தது. நானும் அப்பாடா என்று மூச்சு விட்டேன். எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

அக்கா டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாய்ச் சத்தத்தோடு அவள் தனியாகப் பேசுவது கேட்டது. விட்டால் என்ன, அது என்ன பெரிய வேலையா, அப்பா பாவம், முடிகிற வரைக்கும் பார்த்துக்கொள்ளலாம். அங்கே நிறுத்தினாள். குழாயை மூடினாள். "என்னால முடியலை," என்றாள். யார் சொன்னது என்று பார்க்கிறவள்போல, சற்று உரக்க மறுபடியும் சொன்னாள்.

ஈரக் கையோடு கூடத்துக்கு வந்தாள். "என்னால முடியலை. வேலையை விடமாட்டேன். அப்பாவை இனிமே நான் ஒருத்தியே பாத்துக்க முடியாது." உள்ளறையில் அப்பாவுக்கும் கேட்டிருக்கும். நாடக அரங்கின் கடைசி வரிசைக்கே கேட்கிற குரல் அது.

அண்ணன் ஏதோ சொல்ல வந்து தடுமாறி, வழக்கம்போல அவள் வாயைப் பார்த்தான். அவள் ஒன்றும் கொடுக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். பிள்ளைகளின் பரீட்சை, எங்கள் மாடிப்படி, என் வீட்டுக்காரரின் கோபம், எல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தன. "என் வீட்டுல..." என்று ஆரம்பித்தேன். இடமில்லை என்று முடிக்கத்தான் ஆரம்பித்தேன். ஏனோ நின்றுவிட்டேன். அக்கா எனக்கும் எடுத்துக் கொடுத்திருக்கலாம். சும்மா காத்திருந்தாள்.

"அப்பா ஆறு மாசம் இருக்கட்டும்," என்றேன்.

என் காதாலேயே கேட்டேன். அப்படியொரு மனசு எனக்கு இருப்பதாக அதுவரை தெரியாது. இப்போதும் சந்தேகம்தான். ஆனால் வாயிலிருந்து வந்துவிட்டது, இனி அதற்கேற்ற ஆளாக நான்தான் ஆகித் தொலைக்க வேண்டும். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டி வரப் போகிறேன். அந்த மாடிப்படியில் எப்படித் தூக்குவது என்று நினைத்தாலே இப்போதே அலுப்பாக இருக்கிறது.