கம்பா, ரிமோட்டா?

வீடியோ கேம் கடை நடத்துகிறவனுக்குக் கண் டி.வி.யில் இருக்கக் கூடாது, விளையாடுகிறவனின் கையில்தான் இருக்க வேண்டும். ஏனென்றால் எது உடைந்தாலும் அங்கேதான் உடையும். கடை என்று ஒன்றை வைத்து, வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்ட என் இனத்தாரே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் நானும் என் மச்சான் சேவியரும் களியக்காவிளை தாண்டி, கேரளப் பக்கம் இருக்கிற உதியன்குளங்கரை ஜங்ஷனில் இந்தக் கடையைப் போட்டோம். சேவியர் என் மனைவியின் அண்ணன். பல வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டுத் திரும்பியவர். அவருடைய மகள் அவரை அப்பா என்று கூப்பிடப் பழகவே நாளாகியிருந்தது. மறுபடியும் போய்விட்டு வந்தால் அதையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்று அவருக்குப் பயம். களியக்காவிளையில் இருந்த விசா ஏஜென்டோ, பாஸ்போர்ட்டைக் கேட்டு அடிக்கடி ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். கடை ஓடினால் மச்சான் ஊரில் இருப்பார், ஓடாவிட்டால் விமானம் ஏறுவார். விஷயம் அவ்வளவுதான்.

கடையில் இருந்தது இரண்டே சாமான். ஒன்று, ஆள் உயரப் பெட்டி. அதன் முன்னால் நின்றுகொண்டு, இடது கையால் கம்பைப் பிடித்து ஆட்டி, வலது கையால் பொத்தான்களை அடிக்க வேண்டும். மற்றது, ஒரு டி.வி.யும் அதில் செருகிய சின்ன கேம் மெஷினும். அதற்கு பெஞ்சில் உட்கார்ந்து, கைக்கு அடக்கமான பொத்தான் கட்டையை இரண்டு பெருவிரலாலும் அழுத்தினால் போதும். எங்கள் ஊரில் அந்தக் கட்டைக்கு ரிமோட்டு என்று பெயர். இரண்டிலும் சண்டை ஆட்டம்தான் ஓடும்.

பக்கத்து அறை காலியானதும் அதையும் எடுத்தோம். அதில் இன்னொரு கம்புப் பெட்டி வைப்பதா, டி.வி.யும் ரிமோட்டுமாக வைப்பதா என்பதில்தான் எங்களுக்குள் தகராறு. நான் கம்புக் கட்சி. பெட்டியின் சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும், அதைவிட விளம்பரம் வேறு என்ன வேண்டும்? மச்சான் ரிமோட்டுக் கட்சி. ஒரு பெட்டி நிற்கிற இடத்தில் இரண்டு டி.வி. வைக்கலாம் என்பது அவர் வாதம். சரி, ஆட வருகிறவர்களையே பார்த்து முடிவு செய்வோம் என்று பேசிக்கொண்டோம். வாடிக்கையாளரிடம் யோசனை கேட்ட எவனாவது நிம்மதியாக இருந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

கியர் பிடித்த கை

பெட்டியின் முன்னால் முதல் தடவை நிற்கிற எவனும் சொல்வது ஒன்றுதான். கம்பு தப்பான பக்கத்தில் இருக்கிறதாம். சோற்றுக்கை பொத்தானைத் தட்டிக்கொண்டு சும்மா நிற்க, பீச்சாங்கை போய் ஆளை நடத்துவதா என்று கேட்பார்கள். சிலர் கைகளைக் குறுக்கே போட்டு ஆடிப் பார்த்துப் பக்கத்தில் நிற்பவனின் விலாவில் இடித்தார்கள்.

விஜயன் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் ஜங்ஷனிலிருந்து ஆரியங்கோட்டுக்கு ஜீப் ஓட்டுகிறவன். வந்தான், இடது கையைக் கம்பின் மேல் வைத்தான், கீழிருந்து முன்னால் ஒரு வளைப்பு வளைத்தான், திரையில் தீப்பந்து பறந்தது. மற்றவர்கள் அந்த வளைப்புக்காக வாரக்கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். எதிராளி குதித்து வரும்போதெல்லாம் இவனுடைய இடது கால் தரையை ஒரு மிதி மிதிக்கும். அங்கே கிளட்ச் கிடையாது என்று அந்தக் காலுக்கு யார் சொல்வது? உனக்கு மட்டும் எப்படி இது இவ்வளவு சுளுவாக வருகிறது என்று கேட்டேன். "எடது கை இல்லாம வண்டி நகருமா அண்ணே? கியர் எந்தப் பக்கமாக்கும் இருக்கு, நீங்களே சொல்லுங்க."

கழுவிய கை

தங்கராஜ் ஆரியங்கோட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். விடியுமுன்னே பட்டை சீவப் போய், பாலெடுத்து, ஷீட் அடித்து, உச்சிப்பொழுதில் கை ஒழிந்து விஜயனின் ஜீப்பில் வந்து இறங்குவான். மற்றவர்கள் வேலையில் இருக்கும் நேரத்தில் கடைக்கு வருகிற ஆள் என்பதால் எங்களுக்கு அவனிடம் தனிப் பாசம். ஆனால் தினமும் மரத்தோடு மல்லுக்கட்டுகிற கை. கம்பின் தலையில் இருந்த உருண்டையை அவன் கையோடு பிடுங்கி, பத்திரமாக என்னிடமே தந்தான். மச்சானுக்கு ஒரே சந்தோஷம். அவனைத் தோளில் கை போட்டு அழைத்துப்போய் ரிமோட்டின் முன்னால் உட்கார வைத்தார்.

சாயங்காலம் அந்த ரிமோட்டில் அமுக்கிய பொத்தான் மேலே எழும்பவில்லை. திரையில் இருந்த ஆள் குனிந்தவன் குனிந்தபடியே அடி வாங்கிக்கொண்டிருந்தான். எடுத்துப் பார்த்தால், ரப்பர் பால் காய்ந்து ரிமோட்டுக்கு ஒரு மெல்லிய சட்டை போட்டிருந்தது. மச்சான் உட்கார்ந்து அதை உரித்தார். மறுநாளே, கை கழுவிவிட்டு ஆடவும் என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டினார். தங்கராஜ் அதை இரண்டு பாஷையிலும் நின்று நிதானமாக வாசித்தான். "நான் கழுவீட்டுதான் வந்தேன் அண்ணே. இது போவாது, எனக்க தோலாக்கும்."

மாடியிலிருந்து வந்த தீர்ப்பு

எங்கள் கடைக்கு மேல்மாடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். அதை நடத்திய ஸ்டெல்லா டீச்சர் ஒருநாள் இறங்கி வந்தார். பெட்டியில் பொத்தான் அடிக்கிற சத்தத்துக்கு ஏற்றாற்போல மேலே பிள்ளைகள் டைப் அடிக்கிறார்களாம். கீழே யாராவது தோற்றால் மேலே எல்லோரும் நிறுத்திவிடுகிறார்களாம். இதைக் கேட்டதும் மச்சானின் முகம் மலர்ந்தது. அதனால்தான் டீச்சர், இனிமேல் சத்தமில்லாத ரிமோட்டு மட்டும் வைக்கலாம் என்றிருக்கிறோம் என்றார். இரண்டு பெருவிரல் மட்டும் போதும் என்று ஆடியும் காட்டினார்.

டீச்சர் அவருடைய இரண்டு பெருவிரல்களையும் பார்த்தார். அவரிடம் படிக்கிற பையன்களில் பாதிப் பேர் வகுப்பு முடிந்ததும் நேராக எங்கள் பெஞ்சில்தான் வந்து விழுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். "டைப்பிங்கில பெருவிரலுக்கு ஸ்பேஸ் பார் மட்டுந்தான் வேலை. உங்க கடைக்கு வாற பிள்ளையளுக்கு இப்ப அது ஒண்ணுதான் ஒழுங்கா வருது."

ஆசாரி செய்த திருத்தம்

பேசித் தீராது என்று தெரிந்ததும் ஒரு பந்தயம் வைத்தோம். கம்பின் பக்கம் விஜயன். ரிமோட்டின் பக்கம் பிஜு. பிஜு அதியன்னூர்க்காரன், பாரலல் காலேஜ் என்கிற டுடோரியலில் படிக்கிறவன், பெருவிரலை வைத்தே பிழைத்துக்கொள்வான் என்று எல்லோரும் சொல்கிற பையன். ஜெயிக்கிற சாமானைத்தான் புது அறையில் வைப்பது, பிறகு அதைப் பற்றிப் பேச்சே கிடையாது என்று மச்சான் சொன்னார், நானும் தலையாட்டினேன். ஆனால் ஒரு சிக்கல். இருவரும் ஒரே திரையில் ஆட வேண்டும்; பெட்டியில் ரிமோட்டைச் செருக முடியாது. அதனால் கேம் மெஷினில் செருகுகிற மாதிரி ஒரு கம்பு செய்யச் சொன்னேன். நெய்யாற்றின்கரை ரேடியோ மெக்கானிக் ஒருவர் பழைய ரிமோட்டைப் பிரித்து, அதன் ஒயர்களைக் கம்புக்கும் பொத்தான்களுக்கும் இழுத்துத் தர ஒப்புக்கொண்டார். அவற்றைப் பதிக்கிற மரப்பெட்டி எங்கள் கிருஷ்ணன் ஆசாரியின் பொறுப்பு. நானே படம் வரைந்து கொடுத்தேன்.

பந்தயத்தன்று காலையில்தான் சாமான் வந்தது. பலா மரம், பாலிஷ், மூலைகளெல்லாம் உருட்டி, கண்ணில் ஒற்றிக்கொள்கிற வேலை. கம்பு மட்டும் வலது பக்கத்தில் இருந்தது. ஒயர் முழுக்கப் பற்றவைத்து, பலகையை ஆணியும் பசையும் போட்டு மூடியாகிவிட்டது. மெக்கானிக்கோ மனைவி வீட்டுக்குப் பஸ் ஏறியிருந்தார். படத்தில் இடது பக்கம்தானே போட்டிருந்தேன் என்று ஆசாரியிடம் கேட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை, என் மேல் இரக்கம்தான் வந்தது. "கம்புதானே இதுல முக்கியம்? முக்கியமான காரியத்த சோத்துக்கையிலல்லா செய்யணும். படத்துல தெத்து உண்டு, நான் திருத்தியிட்டேன்."

விஜயன் ஓட்டிய வண்டி

ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்தவர்களும் கோயிலுக்குப் போய்வந்தவர்களுமாகக் கடைக்குள் கால் வைக்க இடமில்லை. பிஜு பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். விஜயன் பலாப்பெட்டியை மடியில் வைத்ததும் இடது கை தன்பாட்டுக்குப் போய்க் கம்பு இல்லாத இடத்தில் துழாவியது. முதல் ரவுண்டில் அவன் ஆள் எதிரியை விட்டுவிட்டுப் பின்பக்கமாகவே நடந்தான். இரண்டாவது ரவுண்டில் பெட்டியைத் தலைகீழாகத் திருப்பினான். கம்பு இடது பக்கம் வந்தது, ஆனால் குனியச் சொன்னால் குதித்தது. மூன்றாவதில் பெட்டியை நேராக்கி, கைகளைக் குறுக்கே போட்டுக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி, ஒரேயொரு தீப்பந்து விட்டான். அதற்குக் கூட்டம் கைதட்டியது. அத்தோடு சரி. மூன்று ரவுண்டும் பிஜுவுக்கே.

இது செல்லாது, வேறு பெட்டி செய்து மறுபடியும் ஆட வேண்டும் என்று நான் வாதாடினேன். சொன்ன சொல் சொன்னதுதான் என்று மச்சான் சொல்லிவிட்டார். அவர் குரலில் சந்தோஷத்தைவிட அவசரம்தான் இருந்தது. ஏஜென்டின் ஆள் அந்த வாரமும் வந்து போயிருந்தான். விஜயன் பலாப்பெட்டியை மரியாதையாக என் மேசையில் வைத்தான். "எந்த வண்டி தந்தாலும் ஓட்டுவேன் அண்ணே. ஸ்டியரிங்க வாதிலுக்கு வெளிய வச்சா எங்ஙன ஓட்ட?"

ஜெயித்தவன் எங்கே நின்றான்

புது அறையில் இரண்டு டி.வி., நான்கு ரிமோட்டு, ஒரு ஃபேன். ஓண லீவு முழுக்க அங்கே ஒரே கும்மாளம். பார்த்தியா மாப்பிளே என்று மச்சான் என் முதுகில் தட்டுவார். பிறகு கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. பரீட்சையாக இருக்கும் என்றோம், மழையாக இருக்கும் என்றோம். பரீட்சை முடிந்து, மழையும் விட்டு, வெயில் அடிக்கத் தொடங்கிய பிறகும் பெஞ்ச் காலியாகவே கிடந்தது. மச்சான் ஃபேனை அணைத்துவிட்டு வெளியே வந்து நிற்பார். ஒருநாள் பீரோவிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்திருந்ததைப் பார்த்தேன். என் தங்கச்சி முறையான அவர் மனைவி அன்று என்னிடம் முகம் கொடுத்தே பேசவில்லை.

அதே வாரம் இன்னொன்றும் பார்த்தேன். பழைய பெட்டியின் முன்னால் வரிசையில் பிஜு நின்றுகொண்டிருந்தான். ரிமோட்டு ராஜா, கம்புக்காக, மூன்றாவது ஆளாக. அந்த அறையில் நான்கு ரிமோட்டும் சும்மா கிடக்கிறதே மக்கா, இங்கே என்ன வேலை என்று கேட்டேன். மச்சானும் வாசலிலிருந்து காது கொடுத்துக்கொண்டிருந்தார். பிஜு என்னை ஒன்றும் தெரியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "ரிமோட்டு எங்க வீட்டுல உண்டு அண்ணே, அப்பா கல்ஃபிலேந்து கொடுத்துவிட்டாரு. எனக்க கூட்டுக்காரன்மாருக்கு எல்லாருக்கும் உண்டு. இந்தப் பெட்டிய வீட்டுல கொண்டு வச்சா அம்மை என்னைய வெளிய வச்சிருவா."

ஒழிவில்லாத கை

மறுநாள் காலையில் மச்சானே ரிமோட்டுகளைத் துடைத்துத் துணியில் சுற்றினார். மெஷினில்லாத வீடுகள் இன்னும் இருந்தன. அந்த வீட்டுக்காரர்களுக்கே மெஷின்களை டி.வி.யோடு விற்றோம். நாகர்கோவிலில் ஒருவர் கடையை மூடுகிறார் என்று கேள்விப்பட்டு, விஜயனின் ஜீப்பில் போய் அவருடைய பெட்டியைக் கட்டி ஏற்றிக்கொண்டு வந்தோம். புது அறையில் அதை இறக்கியபோது ஸ்டெல்லா டீச்சர் மேலே ஜன்னலைச் சாத்திக்கொண்டார். வீட்டில் ரிமோட்டால் பழகியவர்களெல்லாம் ஒருவனையொருவன் ஊரார் முன்னால் தோற்கடிக்க எங்களிடம் வரத் தொடங்கினார்கள். அதுவரை கம்பைத் தொட்டுப் பார்க்காத மச்சானும், ஆள் குறைந்த நேரத்தில் ஆடக் கற்றுக்கொண்டார். மோசமாகத்தான் ஆடுவார். அவர் தோற்பதைப் பார்க்கவே தனிக்கூட்டம் வரும்.

அப்படி ஒரு மத்தியானம், தங்கராஜோடு அவர் ஆடிக்கொண்டிருந்தபோது, ஏஜென்ட் களியக்காவிளையிலிருந்து நேரிலேயே வந்துவிட்டார். நல்ல விசாவாம், நல்ல கம்பெனியாம், இன்று பாஸ்போர்ட்டைத் தந்தால் மாதம் முடியுமுன் போய்விடலாமாம். மச்சானின் பக்கத்தில் நின்று கையை நீட்டினார். பாஸ்போர்ட் இன்னும் அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. எனக்கு அது தெரியும். மச்சானின் இடது கை கம்பில், வலது கை பொத்தானில், கண் திரையில். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. "எனக்கு ரெண்டு கையும் ஒழிவில்ல, கேட்டீரா? அந்த விசாவுல வேற ஆள அனுப்பும்."

அந்த ஆட்டத்திலும் தோற்ற மச்சான் என் பக்கத்திலேயே நிற்க, கம்பு நல்லதா ரிமோட்டு நல்லதா என்று இன்றைக்கும் கேட்கிற என் கடைக்கார இனத்தாருக்கு நான் சொல்வது, எது நல்லது என்று எனக்குத் தெரியாது, வாடிக்கையாளனின் அம்மா வீட்டுக்குள் விடாததாகப் பார்த்து வாங்குங்கள் என்பதுதான்.