கூடைக்குக் கோட்டு

எண்பதுகளில், இலங்கை மலையகத்தின் டயகமவைச் சேர்ந்த என் நண்பன் செபஸ்தியான், தேயிலைக் கொழுந்து பறிப்போரின் மெட்டுகளில் தானே எழுதிய பாடல்களைக் கிதாரும் தப்பு மேளமும் சேர்த்துப் பாடி, ஒலிநாடாவாக வெளியிட்டான். அவற்றை முதலில் கேட்டு உருகியவன் நான்.

அட்டன் நகரில் நடந்த வெளியீட்டு விழாவில், கிதார் நம் பாட்டை வளர்க்குமா, அழிக்குமா என்று பட்டிமன்றம் வைத்தார்கள். குலுக்கலில் எனக்கு 'அழிக்கும்' அணி விழுந்தது. கிடைத்த அணிக்காக வெல்வதே பேச்சாளனின் அறம் என்று கற்றவன் நான். "கொழுந்துக் கூடைக்குக் கோட்டு மாட்டுகிறார்கள்!" என்று முழங்கினேன். மண்டபம் அதிர்ந்தது, கோப்பை என் கைக்கு வந்தது.

வாசலில் செபஸ்தியான் நீட்டிய ஒலிநாடாவை ஒருவர் சிரித்தபடி விலக்கினார். "கோட்டுப் போட்ட கூடை நமக்கு எதுக்கு தம்பி?"

நான் பதறினேன். "டேய், அது எனக்கு விழுந்த அணிடா. ஒம் பாட்டுன்னா எனக்கு உசுருன்னு ஒனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்டா. மைக்க இன்னும் கழட்டல. போய் அவங்ககிட்டச் சொல்லு."

கூட்டமும் கலையவில்லை. மேடையேறினால் கோப்பையின் பெருமை போய்விடும் என்று எண்ணி, நின்ற இடத்திலேயே நின்றேன். சற்று நேரத்தில் ஒலிபெருக்கிக்காரர் மைக்கைக் கழற்றினார்.

அதன்பின் எத்தனையோ அணிகளுக்காகப் பேசி வென்றிருக்கிறேன். எனக்கு விழாத, ஆனால் நான் நம்பிய அந்த ஓர் அணிக்காக, அன்று ஒரு வாக்கியம்கூடப் பேசவில்லை.