சாம்பிள்படி தைத்த ஏழாம் நம்பர்

"இத வெச்சு என்னங்க பண்றது டீச்சர்?" என்று என்னிடம் கேட்காத பெற்றோர் குறைவு. அனுப்பர்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் நான் விளையாட்டு ஆசிரியை. பெண் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். வேலை கிடைக்கும், காலேஜில் சீட் கிடைக்கும் என்று ஆசை காட்டி யாரையும் கூட்டி வந்ததில்லை. பந்து கூடைக்குள் விழும்போது நன்றாக இருக்கும், அதற்காகத்தான் என்பேன். பனியன் கம்பெனியில் பகலெல்லாம் நின்றுவிட்டு வரும் அம்மாக்களுக்கு இந்தப் பதில் பிடிக்காது. என்னிடம் வேறு பதில் கிடையாது.

எங்கள் பள்ளியின் நிர்வாகத் தலைவர் ஒரு பனியன் கம்பெனி முதலாளி. கம்பெனி எங்களுக்கு அடுத்த காம்பவுண்டு. ஆட்களை ஏற்றி வரும் பஸ்களை நிறுத்த இடம் இல்லாமல், எங்கள் மைதானத்தின் மேல் அவருக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண். போன வருடம் என்னைக் கூப்பிட்டார்.

"ஜெர்சி நானே தெச்சுத் தாரனுங்க டீச்சர். ஆனா இந்தத் தடவ ஜில்லா மேட்ச்ல கப்பு வரலீனா, கூடைக் கம்பத்தப் புடுங்கீட்டு அங்க பஸ் நிறுத்தீருவமுங்க. அப்பறம் கோவிச்சுக்கப்படாது."

"கப்பு வந்துச்சுன்னா கம்பத்துல கை வெக்கப்படாதுங்க," என்றேன்.

சிரித்துக்கொண்டே சரி என்றார். நாங்கள் எங்கே ஜெயிக்கப்போகிறோம் என்ற சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தைக்கச் சாம்பிள் கேட்டார்கள். கல்லூரியில் நான் போட்டு ஆடிய ஜெர்சியைக் கொடுத்தனுப்பினேன். ஏழாம் நம்பர். பழசுதான், ஆனால் வெட்டு அருமையாக இருக்கும்.

மற்ற ஆட்டங்களையெல்லாம் சாயம் போன பழைய சட்டைகளில் ஆடியே இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம். புதுசு தயார் என்று சொன்னதால் பழையதைப் பள்ளியிலேயே போட்டுவிட்டுப் பல்லடம் போனோம். கம்பெனியில் ஏதோ ஷிப்மெண்ட் அவசரமாம், ஜெர்சி மூட்டை நேராக அந்த மைதானத்துக்குத்தான் வந்தது. கருநீலத் துணி, நெஞ்சில் கம்பெனி பெயர். எங்கள் கேப்டன், தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பெண், ஒவ்வொரு கவராகப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"டீச்சர், எல்லாத்துலயும் ஏழுதான் போட்டிருக்கு."

முன்னாலும் ஏழு, பின்னாலும் ஏழு. தலைவரைப் போனில் பிடித்தேன்.

"பின்ன, சாம்பிள்ல ஏழு தானுங்க இருந்துச்சு? ஒரு பீஸ் கூட மாறப்படாதுன்னு செக்கிங்ல நானே நின்னு பாத்தனுங்க."

குரலில் அவ்வளவு பெருமை. சாம்பிளை அச்சு அசலாகத் தைத்து அனுப்பியே பெரிய ஆளானவர். போனை வைத்துவிட்டு நடுவரிடம் ஓடினேன்.

ஆளுக்கொரு நம்பர் இல்லாமல் இறக்க முடியாது என்றார் நடுவர். எதிரணி கோச் அருகில் வந்து, "போகுது உடுங்க, அடுத்த வருசம் பாத்துக்கலாம்," என்று ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதல்தான் என்னைக் கிளப்பிவிட்டது. அடுத்த வருடம் எங்கள் மைதானத்தில் பஸ் அல்லவா நிற்கும்?

"எல்லாரும் சட்டைய உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பிப் போடுங்க," என்றேன்.

உள்பக்கம் வெறும் நீலம். கணுக்காலில் சுற்ற எப்போதும் பையில் வைத்திருக்கும் வெள்ளைப் பிளாஸ்திரியைக் கிழித்து, நெஞ்சிலும் முதுகிலும் நம்பர் ஒட்டினேன். நடுவர் சந்தேகமாகத் தடவிப் பார்த்தார்.

"உளுந்துச்சுன்னா வெளிய அனுப்பீருவனுங்க."

"உளுந்தா ஒட்டிக்கறமுங்க."

வேர்வையில் விழத்தான் செய்தது. ஒருத்தியின் எட்டு பாதி கழன்று மூன்றாகிவிட்டது. ஆட்டம் நின்ற போதெல்லாம் பெஞ்சில் இருந்தவர்கள் பிளாஸ்திரியோடு ஓடினார்கள். முதுகைக் கையால் அழுத்திப் பிடித்தபடியே ஒருத்தி பந்தைத் தட்டிக்கொண்டு போனாள். கத்திக் கத்தி என் தொண்டை கட்டிவிட்டது. கடைசி நிமிடத்தில் கேப்டன் எறிந்த பந்து வளையத்தில் சுற்றி உள்ளே விழுந்தது. கப்பு எங்களுக்கு.

பரிசளிப்புக்குத் தலைவர் காரில் வந்து இறங்கினார்.

"டீச்சர், புள்ளைகளச் சட்டையச் சரியாப் போட்டுட்டு வரச் சொல்லுங்க. தையலெல்லாம் வெளிய தெரியுது, ரிஜெக்ட் பீஸாட்ட இருக்குது. போட்டோல கம்பெனி பேரு தெரியோணுமல்லங்க?"

பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். கேப்டனின் கை சட்டை ஓரத்துக்குப் போய்விட்டது. மைதானம் இவர் கையில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா?

"இல்லீங்க. இப்படித்தானுங்க ஜெயிச்சாங்க. போட்டோவும் இப்படியே இருக்கட்டும்."

அவர் முகம் சுண்டிப்போனது. படத்துக்கு நிற்காமலே காரில் ஏறிவிட்டார்.

திங்கட்கிழமை காலை பயிற்சிக்குப் போனால், கம்பத்தடியில் ஒரு கம்பெனி பஸ் நிற்கிறது. டிரைவரிடம் எடுக்கச் சொன்னேன்.

"மொதலாளி தானுங்க இங்க நிறுத்தச் சொன்னாரு."

"கப்பு வந்துருச்சுன்னு அவருகிட்டச் சொல்லுங்க."

உள்ளே போய்க் கப்பை எடுத்து வந்து, பஸ்ஸுக்கு முன்னால் தரையில் வைத்தேன். விசில் ஊதினேன். பிள்ளைகள் பஸ்ஸைச் சுற்றியே ஓட ஆரம்பித்தார்கள். டிரைவர் கப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ரிவர்ஸ் எடுத்தார்.