கொரோவா பாலத்துக்கு இந்தப் பக்கம் போட்ட ஓட்டு

மெல்போர்ன் பக்கம் பொயிண்ட் குக்கில் இருக்கும் வாசகி ஒருவர், பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு காரில் சிட்னிக்கு வரப் போகிறாராம். வழியில் எங்கே நிற்கலாம் என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் ஆல்பரி என்பார்கள். நான் கொரோவா என்பேன். பார்க்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆஸ்திரேலிய அரசியலமைப்புக்குப் பிள்ளையார் சுழி போட்ட ஊர்களில் அது ஒன்று. என் வீட்டுக்காரர் வாழ்க்கையில் முதல் ஓட்டைப் போட்டதும் அங்கேதான்.

நாங்கள் போனது 1977 மே 21, சனிக்கிழமை. காரில் மூன்று பேர். நான், இவர், சிவம் அண்ணன். சிவம் அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர், மெல்போர்னில் மல்கிரேவில் குடியிருந்த கணக்காளர். சிட்னியில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவரை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அப்படியே ஒரு வாரம் மெல்போர்னைச் சுற்றிப் பார்ப்பது எங்கள் திட்டம். சரித்திரம் பேச ஆரம்பித்தால் அவருக்குச் சாப்பாடு வேண்டாம். எங்களுக்கும் கிடைக்காது.

அன்றைக்கு நாடு முழுக்க வாக்கெடுப்பு. இங்கே ஓட்டுப் போடாவிட்டால் அபராதம். அரசியலமைப்பைத் திருத்தலாமா என்று நான்கு கேள்விகள். போதாததற்கு, நாட்டுக்கு எந்தப் பாட்டு வேண்டும் என்று தனியாக ஒரு சீட்டு. சாவடி திறக்கும் முன்பே கிளம்ப வேண்டியிருந்ததால் வழியில் போட்டுக்கொள்வதாக முடிவு செய்தோம். பயணத்துக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை எதற்கு என்று இவரைக் கேட்டேன். காலரை இன்னொரு தடவை நீவிவிட்டுக்கொண்டார்.

இவர் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு வந்த சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. பின்னாலேயே ஓட்டும் போனது. இவருடைய அப்பா 1947இல் ஒரே ஒரு தடவை ஓட்டுப் போட்டவர், அத்தோடு சரி. இவர் இந்தியக் குடியுரிமை வாங்கித் திருச்சிக்கு வந்து, என்னைக் கட்டிக்கொண்டு, வாக்காளர் பட்டியலில் பேர் ஏறும் முன்பே சிட்னிக்கு வந்துவிட்டார். ஆஸ்திரேலியக் குடியுரிமை கிடைத்தது அந்த வருடத் தொடக்கத்தில்தான். முப்பத்தொன்பது வயது வரை ஓட்டுச்சீட்டைக் கையால் தொட்டதில்லை. நான் திருச்சியில் இரண்டு தடவை போட்டவள். அதைச் சொல்லிச் சீண்டுவேன்.

காலை ஐந்து மணிக்குச் சிட்னியில் எங்கள் பென்டில் ஹில்லை விட்டோம். கோல்பர்னில் தேநீர், கண்டகாயில் கட்டுச்சோறு. ஹியூம் நெடுஞ்சாலை அப்போது இப்படி இல்லை. போக ஒரு தடம், வர ஒரு தடம், முன்னால் எப்போதும் ஒரு லாரி. ஆல்பரி சேரும்போது மணி இரண்டு. அங்கிருந்து ஆற்றோரமாக மேற்கே ஒரு மணி நேரம் போனால் கொரோவா.

பெரிய தெருவில் காரை நிறுத்தியதும் சிவம் அண்ணன் தொடங்கிவிட்டார். மர்ரே ஆற்றுக்கு இந்தக் கரை நியூ சவுத் வேல்ஸ், அந்தக் கரை விக்டோரியா. அந்தக் காலத்தில் இரண்டும் தனித்தனிக் குடியேற்றங்கள். பாலத்தைத் தாண்டும் சரக்குக்கெல்லாம் சுங்கம். 1891இல் சிட்னியில் பெரிய மனிதர்கள் கூடி ஒரு வரைவு எழுதினார்கள், அது தூங்கிவிட்டது. சுங்கத்தால் நொந்துபோன எல்லை ஊர்க்காரர்கள் 1893இல் இங்கே கூடினார்கள். மக்களே ஆட்களைத் தேர்ந்தெடுக்கட்டும், அவர்கள் எழுதட்டும், எழுதியதை மக்களிடமே ஓட்டுக்கு விடுவோம் என்று தீர்மானம் போட்டார்கள்.

"பிறகு அப்பிடித்தான் நடந்தது. அடிலெயிட், சிட்னி, மெல்போர்ன் எண்டு கூடிக் கூடி எழுதிச்சினம். முதல் வோட்டிலை நியூ சவுத் வேல்ஸிலை போதிய வோட் விழேல்லை. திருத்திப்போட்டுத் திரும்பவும் விட்டவை" என்றார் சிவம் அண்ணன். "எங்கட நாட்டிலை ஆர் கேட்டது? லண்டனிலையிருந்து கொமிஷன் வந்தது, எழுதினது, போயிட்டுது."

"இங்க மட்டும் எல்லாரையும் கேட்டாங்களா?" என்றார் இவர்.

"இல்லைத்தான். இந்த மண்ணின்ரை பூர்வகுடியளைத் தலைக்கணக்கிலை சேர்க்கக் கூடாதெண்டு அதிலேயே எழுதிக் கிடந்தது. பத்து வருஷத்துக்கு முதல்தான் வோட் எடுத்து அதை வெட்டினவை."

இவர் சாவடி எங்கே என்று பார்க்க நடந்தார்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் சாவடி. வரிசை நீளமாக இருந்தது. சிவம் அண்ணனின் பெயர் இருப்பது விக்டோரியாப் பட்டியலில். "வாங்கோ, பாலத்துக்கு அங்கால போய் எல்லாரும் ஒண்டாப் போடுவம். இது ஒரே நாடெல்லோ, எங்கை போட்டாலென்ன?" என்றார். அரசியலமைப்பைக் கரைத்துக் குடித்தவர் சொன்னால் மறுபேச்சு ஏது? தாண்டினோம். அந்தக் கரையில் இருக்கும் சிற்றூர் வாகுன்யா. அங்கே ஒரு சின்ன மண்டபத்தில் சாவடி, வரிசையே இல்லை.

சிவம் அண்ணன் இரண்டு நிமிடத்தில் போட்டுவிட்டு வந்தார். மேசையில் இருந்த அம்மா எங்கள் முகவரியைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்கினார். வெளியூர்க்காரர்கள் தங்கள் மாநிலத்துக்குள் எந்தச் சாவடியிலும் போடலாம், மாநிலம் தாண்டினால் முடியாது என்றார். "நாடு முழுக்கப் பெரும்பான்மை கிடைத்தால் மட்டும் போதாது. ஆறு மாநிலங்களில் குறைந்தது நான்கு ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால் ஒவ்வொரு மாநிலத்தையும் தனித்தனியாக எண்ணுகிறோம். உங்கள் ஓட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம்." அன்பாகத்தான் சொன்னார்.

ஆனால் இவர் காதில் விழுந்தது வேறு. நேராகப் போய்க் காரில் உட்கார்ந்தார். "வண்டிய எடுங்கண்ணே, மெல்போர்ன் போவோம். உங்க பேர் இங்க இல்லேன்னு கேட்டுக் கேட்டுப் பழகிப்போச்சு. அபராதம் போட்டா கட்டிக்கலாம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்மேலா, சிவம் அண்ணன்மேலா, கொழும்பில் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள்மேலா, தெரியாது. "பேர் இல்லேன்னு யார் சொன்னா? அந்தக் கரையில இருக்குன்னு அந்தம்மா சொல்றாங்க. சாவி குடுங்க" என்றேன்.

"என்ரை பிழைதான், தங்கச்சி. திருப்புங்கோ, எட்டு மணிவரைக்கும் நேரம் கிடக்கு" என்றார் சிவம் அண்ணன், முகம் தொங்கிப்போய்.

நான்தான் ஓட்டினேன். பாலத்தில் எதிரே ஒரு டிராக்டர் ஆடி அசைந்து வந்தது, அது கடக்கும் வரை காத்திருந்தோம். பள்ளிக்கூடத்தில் இப்போது வரிசை இல்லை. அதிகாரி ஆளுக்கோர் உறையை நீட்டி, பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். இவர் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து எழுதினார். தடுப்புக்குள் போனவர் வெகுநேரம் வரவில்லை. நான்கு கேள்விகளையும் இரண்டு தடவை படித்தாராம். வெளியே வந்ததும், "பசிக்குது, சாப்பாடு மிச்சம் இருக்கா?" என்று கேட்டார். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

இனி உங்களுக்கான விவரம். மெல்போர்னிலிருந்து கொரோவா ஏறக்குறைய 290 கிலோமீட்டர், பொயிண்ட் குக்கிலிருந்து மூன்றரை மணி நேரம் வையுங்கள். ஊரைப் பார்க்க அரை நாள் தாராளம். மே, ஜூனில் போனால் காலைப் பனிமூட்டம் கலையும் வரை கிளம்பாதீர்கள். பொழுது சாய்ந்தபின் ஆற்றோரச் சாலையில் கங்காரு குறுக்கே பாயும், மெதுவாக ஓட்டுங்கள். அங்கே போய் நின்றால் பிள்ளைகளிடம் அந்தச் சுங்கக் கதையைச் சொல்லுங்கள். சட்டம் என்பது வானத்திலிருந்து விழுந்ததில்லை என்று அவர்களுக்குப் புரியும். தேர்தல் நேரமாக இருந்தாலும் கவலை வேண்டாம். இப்போது வெளிமாநிலத்தவர் போடுவதற்கென்றே சாவடிகள் உண்டு, எங்கே என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிவைச் சொல்லவில்லையே. நான்கில் மூன்று நிறைவேறின. நாடாளுமன்றத்தின் இரண்டு சபைகளுக்கும் ஒரே சமயத்தில் தேர்தல் நடத்தலாமா என்ற கேள்வி மட்டும் தோற்றது. நாடு முழுக்க எண்ணினால் பெரும்பான்மை 'ஆம்'தான். ஆனால் மூன்று மாநிலங்கள்தான் ஒப்புக்கொண்டன. இவரும் 'ஆம்' போட்டிருந்தார். சிவம் அண்ணன் போனில் அநியாயம் என்று கொதித்தார்.

இவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "விடுங்கண்ணே. தோத்தது நாமதானே? எங்கப்பாவத் தோக்கக்கூட விடலியே."