பலா மரம் என் தங்கையுடையது

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிற ஆள் நான். பயந்து இல்லை, எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கையே கிடையாது. எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், மாதத்துக்கு ஒருத்தியாவது தலையை விரித்துப் போட்டு ஆடுவாள், அதைப் பார்த்தும் நம்பாதவள். அதனால் இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இது நல்ல வெயில் நேரத்தில், தெளிவான புத்தியோடு நான் நின்ற இடத்தில் நடந்தது.

ஜப்பான்காரன் காலம். மலாயாவில் தம்பின் என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். பால்வெட்டு நின்றுபோய்விட்டது, அரிசி கண்ணில் படுவதே இல்லை. திடமான ஆண்களைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரரைக் குளிர்காய்ச்சல்காரர் என்று விட்டுவிட்டார்கள், அவரால் எழுந்து உட்காரவும் முடியாது. தவழ்கிற வயதில் ஒரு மகள். லயத்துக்குப் பின்னால் நட்டதையெல்லாம் காட்டுப்பன்றி தோண்டிவிட்டது. ஒரு துண்டு நல்ல நிலம் கிடைத்தால் பிள்ளை பிழைக்கும் என்கிற நிலைமை.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஜாவாக்காரர்களுடைய கம்பம், அவர்கள் கிராமம். ஜாவாவிலிருந்து வந்து காடு வெட்டி நிலம் பண்ணியவர்கள். வேலி என்று எதுவும் இருக்காது, எல்லைக்குச் சிவப்பு இலைச் செடிகளை வரிசையாக நட்டிருப்பார்கள். அங்கே போய்க் கேள் என்று பக்கத்து வீட்டு அஞ்சலை அக்காதான் அனுப்பினார்.

"படிக்குக் கீழ நின்னு 'குலோ நுவூன்'னு கூப்பிடணும். உள்ளேருந்து 'மொங்கோ'ன்னு பதில் வந்தாத்தான் ஏறணும். பதில் வரலைன்னா பேசாம திரும்பிடு, அதான் அவங்க மரியாதை," என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "உன் வாய்லருந்து சத்தம் வர்றதுக்குள்ள ஜப்பான்காரன் அவன் ஊருக்கே போயிருவான்லா."

அவர் சொன்னது சரிதான். எனக்குச் சின்ன வயதிலிருந்தே குரல் எழும்பாது, புது மனிதர்கள் முகத்தைப் பார்த்துப் பேசவும் வராது. முதல் வீட்டில் கூப்பிட்டேன், உள்ளே யாரோ உரலில் இடிக்கிற சத்தம், என் குரல் அதைத் தாண்டவில்லை. பதில் இல்லை, நகர்ந்தேன். அடுத்த வீட்டிலும் அப்படியே. மனிதர்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரிந்தும் ஒவ்வொரு வாசலாக விட்டுவிட்டுப் போய்க் கடைசி வீட்டுக்கு வந்துவிட்டேன். கதவு சாத்தியிருந்தது. இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று அங்கேயும் கூப்பிட்டேன்.

"மொங்கோ."

பதில் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பினேன். ஒரு மனிதர் பாதையிலிருந்து வந்துகொண்டிருந்தார், தலை முழுக்க வெள்ளை, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். அதற்கு மேல் பார்க்கக் கூச்சமாகி நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதனால் மிச்சமெல்லாம் கால்தான் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே துணி சுற்றியிருந்தது. படியோரம் இருந்த ஜாடியிலிருந்து கொட்டாங்கச்சியால் தண்ணீர் மொண்டு கால் கழுவினார். படியில் உட்கார்ந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன்.

"செடி வரிசைக்கு அந்தப் பக்கம் நட்டுக்கோ," என்றார். "மண்ணு என்னுது. ஆனா அதுல நிக்கிற பலா மரம் என் தங்கச்சியோடது. அதுல ஒரு பழம்கூடப் பறிக்காதே."

மண் ஒருவருக்கும் அதில் நிற்கிற மரம் இன்னொருவருக்கும் இருப்பது அவர்களிடம் வழக்கம், அது எனக்கு அன்றுதான் தெரியும். சரி என்று தலையாட்டினேன். அவர் எழுந்து வீட்டின் பின்பக்கம் போனார். நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வராததால் திரும்பிவிட்டேன்.

மறுநாளே போய்க் கொத்திச் சர்க்கரைவள்ளிக் கொடி நட்டேன். இலை விட்டுப் படர ஆரம்பித்த சமயத்தில் கம்பத்துத் தலைவர் வந்தார், கூடவே ஒரு பெண். அந்தப் பெண் பெயர் தூமி.

"யாரைக் கேட்டு நட்டே?" என்றார் தலைவர்.

"இந்த வீட்டுக்காரரைத்தான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "வாகிமானையா? எப்படி இருந்தான், சொல்லு," என்று தலைவரே கேட்டார்.

சொன்னேன். நரை, நொண்டிக் கால், துணிக்கட்டு.

"நல்லாப் புளுகுறே," என்றார் தலைவர். "வாகிமானை ஜப்பான்காரன் சயாமுக்குக் கொண்டுபோயிட்டான், இங்க அவன் இல்லவே இல்ல. அவன் தலை காக்கா கறுப்பு. நடந்தான்னா நாம ஓடித்தான் பிடிக்கணும். கொடியைப் பிடுங்கிட்டுப் போயிரு."

குனிந்து அவரே ஒரு கொடியைப் பிடித்துவிட்டார். அந்த நேரம் எனக்கு எங்கிருந்து குரல் வந்தது என்று தெரியவில்லை, லயத்துக்கே கேட்டிருக்கும்.

"பலா மரம் அவர் தங்கச்சியோடதாம். அதைத் தொடாதேன்னு சொன்னாரு. நான் தொடவே இல்ல."

தலைவர், "எல்லா மரமும் அவனுதுதான்," என்றார். ஆனால் தூமி அவர் கையிலிருந்த கொடியை வாங்கித் தரையில் வைத்து, மண்ணைத் தள்ளி மூடினாள்.

"அந்த மரம் எனக்குன்னு அப்பா சாகும்போது அண்ணன்கிட்டயும் என்கிட்டயும் மட்டும் சொன்னது," என்றாள். "நானும் யார்கிட்டயும் சொன்னதில்ல. பழத்துக்கு அலையறான்னு பேசுவாங்கன்னு."

தலைவருக்கு முகம் மாறிவிட்டது. தூமியைத் தனியாக அழைத்துப்போய்ப் பேசினார், எனக்குக் கேட்கிற மாதிரிதான் பேசினார். வாகிமான் போய்ச் சேர்ந்துவிட்டான், அவன் ஆவிதான் வந்திருக்கிறது, அவனுக்குச் செய்ய வேண்டிய கெண்டூரியைச் செய்துவிடலாம் என்றார். கெண்டூரி என்றால் கம்பத்தாரைக் கூப்பிட்டுத் தொழுது சாப்பாடு போடுவது, செத்தவர்களுக்கும் அதைச் செய்வார்கள்.

தூமி என்னிடம் திரும்பி வந்தாள். "தங்கச்சி, அவன் ஏறும்போது கால் கழுவினானா?"

"கழுவினாரு. பார்த்தேன்."

"செத்தவன் எதுக்குலா கால் கழுவணும்?" என்று தலைவரைப் பார்த்துச் சொன்னாள். "என் அண்ணனுக்கு இப்ப எந்தச் சோறும் போட வேண்டாம். வந்த பிறகு நானே போடறேன்."

அன்றிலிருந்து அவள் அந்த வீட்டுக் கதவைத் தினமும் திறந்து பெருக்கினாள். நான் நடுவதையும் யாரும் தடுக்கவில்லை. முதலில் கீரை, பிறகு கிழங்கு. என் மகள் அந்தக் கிழங்கில்தான் எழுந்து நின்றாள். வீட்டுக்காரருக்கும் மெல்ல உடம்பு தேறியது.

ஜப்பான்காரன் போனபின் ஒருநாள் அஞ்சலை அக்கா ஓடி வந்து, "உனக்கு நிலம் குடுத்த ஆளு வந்துட்டாராம்டி," என்றார். எனக்குச் சந்தோஷத்தைவிட நடுக்கம்தான். நிலத்தை அவர் திருப்பிக் கேட்டால் என்ன செய்வது? மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கூடைக் கிழங்கோடு போனேன்.

படியில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க வெள்ளை. முழங்காலுக்குக் கீழே சயாமில் வந்த புண், துணிக்கட்டு. நம்பினால் நம்புங்கள், புறப்பட்டுப் போன வாகிமானை நான் பார்த்ததே இல்லை. நான் பார்த்தது திரும்பி வரப்போகிற வாகிமானை.

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தூமி எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"நான் எங்கயும் வரல, தங்கச்சி. சயாம் காட்டுலதான் கிடந்தேன்," என்றார். என் மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆனா இங்க இருந்திருந்தா அதைத்தான் சொல்லியிருப்பேன். நட்டுக்கோ. எப்ப வரைக்கும் வேணுமோ, அப்ப வரைக்கும்."

கூடையை வைத்துவிட்டுக் கிளம்பினேன். அவர் கூப்பிட்டார்.

"அன்னைக்கு நான் தனியாவா வந்தேன்?"

அந்தக் கம்பத்திலிருந்து அவரோடு போன மற்றவர்கள் யாரும் திரும்பவில்லை என்பது எனக்குத் தெரியும். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"பின்னால யாராவது இருந்தாங்களான்னு நான் பார்க்கலைங்க. வெட்கத்துல குனிஞ்சிக்கிட்டேன்."

அவர் முகம் தெளிந்தது. அவ்வளவு நிம்மதியாக ஒரு மனிதர் மூச்சுவிட்டு நான் பார்த்ததில்லை.

"அப்ப அவனுங்களும் வந்திருக்கலாம்," என்றார்.

எனக்கு இப்போது பேரப்பிள்ளை எடுக்கிற வயது. இன்றைக்கும் வாசலில் யாராவது வந்து கூப்பிட்டால், வாங்க என்று சொல்வதற்கு முன்னால், அவருக்குப் பின்னால் இருக்கிற பாதையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிடுகிறேன்.