செத்துப்போன ஆர்கிட்

இன்று தேக்கா சந்தையில் ஆர்கிட் பூவின் மணம் மூக்கில் பட்டதும், இடிக்கப்பட்டுவிட்ட அந்த வெள்ளைக்காரத் துரையின் பங்களாவும், அங்கே துணி துவைத்த அம்மாவும் நினைவுக்கு வந்தார்கள். உயர்ந்த மரக்கிளையில் ஒட்டி வளர்ந்த ஓர் ஆர்கிட்டைப் பறிக்கத் துரை ஏவியதால், அப்பா புக்கிட் தீமா காட்டில் விழுந்து இடுப்பொடிந்தார். துரையோ அவரை அங்கேயே போட்டுவிட்டு, செடியை மட்டும் குதிரை வண்டியில் ஏற்றி வந்தார்.

அன்றிலிருந்து தினமும், ஈரத்துணி கல்லில் அறையும் சத்தம் ஓய்ந்ததும், அம்மா அந்த ஆர்கிட்டின் வேர்களில் உப்புத் தண்ணீர் ஊற்றினாள்.

“ஏன் வாடுது?” என்று துரை கலங்கினார்.

“காட்ட விட்டு வந்த ஏக்கமா இருக்கும், தொரை,” என்றாள் அம்மா பணிவாக.

செடி கருகிச் செத்த அன்று அம்மா பாயசம் வைத்தாள். படுக்கையில் கிடந்த அப்பா இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்தார்.