வார்னிங்குதானே!

கம்பெனி பஸ் மணவாள நகரில் முழுசாக நிற்பதற்குள் ஈஸ்வரியின் கைக்குட்டை ஜன்னல் வழியாக மூன்றாவது சீட்டில் விழுந்துவிடும். பிறகுதான் ஆள் ஏறுவார். “சீட்டு காலியான்னு கேட்டுக்கினு நின்னா, அந்த கேப்புல இன்னொருத்தி குந்திக்குவா” என்பார். அப்புறம் கும்மிடிப்பூண்டி வரை தூக்கம்தான்.

அங்கே ஓர் இரும்புக் கம்பித் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் ஈஸ்வரி ஒருவர்தான். வயது நாற்பத்து நான்கு. சி என்னும் கம்ப்யூட்டர் மொழியைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். புது மொழிகளைப் பற்றி யாராவது ஆரம்பித்தால், “அதெல்லாம் பேஜாரு” என்று டிபன் டப்பாவைத் திறந்துவிடுவார்.

பரிசோதனை லேபில் கம்பியை இழுத்து அறுத்துப் பார்க்கும் இயந்திரங்கள் இரண்டு உண்டு. அவை தரும் எண்களை ஒரு தற்காலிகக் கோப்பில் வாங்கி வைத்து, ரிப்போர்ட் அச்சானதும் அந்தக் கோப்பை அழித்துவிடும் கம்ப்யூட்டர் நிரல் ஈஸ்வரி எழுதியது. பதினோரு வருடமாக ஓடுகிறது. அதில் எதைத் திருத்தினாலும் திரையில் ஓர் எச்சரிக்கை வரும்: தற்காலிகக் கோப்புக்குப் பெயர் கேட்கும் இந்த வழி ஆபத்தானது, வேறு வழியைப் பயன்படுத்தவும். ஈஸ்வரி கொசு அடிப்பதுபோல் ஒரு தட்டு தட்டித் திரையைத் துடைத்துவிடுவார். “வார்னிங்குதானே, எர்ரரா இன்னா?”

போன மாதம் தேறாத கம்பிக்குத் தேறியதாக ரிப்போர்ட் போய்விட்டது. கட்டடக்காரர் லோடைத் திருப்பி அனுப்பினார். அன்று லேபில் இருந்தவர் பீட்டர். எண்ணை மாற்றியது அவர்தான் என்று மேனேஜர் மாரியப்பன் அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார். வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் வேலை போய்விடும்.

“நான் தொடவே இல்லக்கா” என்றார் பீட்டர் போனில்.

“மெஷினு தானா மாத்திக்கினுதா? சும்மா கத வுடாத” என்று வைத்துவிட்டார் ஈஸ்வரி.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. இரண்டு இயந்திரங்களையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பார்த்தார். ஒருநாள் முழுக்க ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் வியாழக்கிழமை, தப்பு மாட்டிக்கொண்டது. சி மொழியோடு ஆயத்தமாக வரும் நிரல் தொகுப்புக்கு நூலகம் என்று பெயர்; அவர் நிரல் அதனிடம், யாரும் பயன்படுத்தாத கோப்புப் பெயர் ஒன்று கேட்கும். நூலகம் பெயரை மட்டும் சொல்லும்; கோப்பைத் திறந்து தராது. நிரல் போய்த் திறப்பதற்குள் இரண்டாவது இயந்திரமும் கேட்டால், அதே பெயர் அதற்கும் கிடைத்துவிடலாம். ஒரு கம்பியின் எண்கள் இன்னொரு கம்பியின் மேல் ஏறிவிடும். பெயரோடு கோப்பையும் அப்போதே திறந்து கையில் தரும் வழி அதே நூலகத்தில் இருக்கிறது. எச்சரிக்கை கரடியாய்க் கத்தியது அதைத்தான். அட, பஸ்ஸில் கைக்குட்டை போடத் தெரிந்த மனுஷி! ஈஸ்வரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்று டிபன் டப்பா திறக்கப்படவே இல்லை.

வெள்ளிக்கிழமை மேனேஜர் அறைக்குப் போனபோது பீட்டர் முந்திக்கொண்டிருந்தார். மேஜைமேல் அவர் கடிதம்: என் கவனக்குறைவால் நடந்தது, மன்னிக்கவும்.

“செய்யாததுக்கு இன்னாத்துக்குப்பா எழுதிக் குடுத்த?”

“ஒத்துக்கினா வேலைல வெச்சிக்கிறேன்னாரு. ரெண்டு பசங்க படிக்குதுங்கக்கா.”

ஈஸ்வரி நடந்ததை மாரியப்பனிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அவன்தான் எழுதிக் குடுத்துட்டானேம்மா. நீங்க கம்முனு சரி பண்ணிடுங்க. உங்க பேரு வெளிய வந்தா, கட்டடக்காரன் உங்கள தூக்கச் சொல்லுவான். என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”



“பேனா குடு பீட்டரு” என்றார் ஈஸ்வரி. பீட்டரின் கடிதத்தின் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். தாளைத் திருப்பிப் போட்டு, நின்றபடியே எழுத ஆரம்பித்தார்.